தாலுகா ஓய்வூதியத்திலிருந்து பராமரிப்பு உதவித்தொகைக்கு மாறுவது: படிப்படியான முழு வழிகாட்டி

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு மாதாமாதம் வரும் அரசுப் பணம் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று தாலுகா ஆபீஸ். ஊரில் எல்லோரும் ‘ஓஏபி’ என்று சொல்வது அதைத்தான். இன்னொன்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் தரும் பராமரிப்பு உதவித்தொகை. ஒருவருக்கு இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும்.

முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு மாறுகிறவர்களுக்கு மனு எழுதுவது பெரிய வேலையே இல்லை. பழையது நின்றுபோய், புதியது வராமல், நடுவில் மாதக்கணக்கில் வெறும் கையோடு உட்காருவதுதான் தொல்லை. என் வீட்டில் ஒருவருக்கு மாற்றி வாங்கிய பிறகு, கோபி, பெருந்துறை, காங்கயம் பக்கத்திலிருந்து கேட்டு வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். இடறி விழுந்தவர்களில் பெரும்பாலானோர் செய்தது சரியான வேலைதான், வரிசைதான் தவறு. அதனால் இங்கே வரிசையைத்தான் விரித்துச் சொல்கிறேன்.

1. இப்போது வருவது எந்தப் பணம் என்று பாருங்கள்

“ஊனமுற்றோர் பணம் வருதுங்க” என்பார்கள். பாஸ்புக்கைப் புரட்டினால் அது விதவை ஓய்வூதியமாக இருக்கும். ஆகவே முதல் வேலை, பாஸ்புக்கை வங்கியில் கொடுத்துப் பதிவு போட்டு வாங்குவது.

மாதம் 1,200 ரூபாய் வருகிறதென்றால் அது முதியோர், விதவை போன்ற ஓய்வூதியம். 1,500 என்றால் தாலுகா வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். 2023 ஜனவரியில் 1,000-லிருந்து 1,500 ஆக்கினார்கள். 2,000 என்றால் நீங்கள் ஏற்கெனவே பராமரிப்பு உதவித்தொகையில்தான் இருக்கிறீர்கள். கடைசிப் பகுதியை மட்டும் படித்தால் போதும்.

1,500-க்குள்ளேயே இரண்டு திட்டம் உண்டு. 80 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பும் வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயரும் உள்ளவர்களுக்கு மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியம், மற்றவர்களுக்கு மாநில அரசின் திட்டம். கைக்கு வரும் தொகை ஒன்றுதான். ஆனால் பின்னால் நிறுத்தச் சொல்லிக் கடிதம் கொடுக்கும்போது திட்டத்தின் பெயரும் ஆணை எண்ணும் வேண்டும். அனுமதி ஆணையைத் தொலைத்திருந்தால், தாலுகா ஆபீசில் ச.பா.தி. (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) தனி வட்டாட்சியர் பிரிவில் ஆதார் எண்ணைக் கொடுத்து இந்த இரண்டையும் ஒரு தாளில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே ‘ஓஏபி தாசில்தார்’ என்று கேட்டால்தான் சட்டென்று அறையைக் காட்டுவார்கள்.

2. மாற முடியுமா, மாறினால் லாபமா?

பராமரிப்பு உதவித்தொகை எல்லோருக்கும் இல்லை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், 75 சதவீதமோ அதற்கு மேலோ கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், தசைச்சிதைவு நோய் உள்ளவர்கள், தொழுநோயிலிருந்து குணமடைந்து ஊனம் உள்ளவர்கள், முதுகுத்தண்டுவடப் பாதிப்பு, பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற நரம்புப் பாதிப்பு உள்ளவர்கள் என்று வகை பிரித்துத்தான் தருகிறார்கள்.

போலியோவால் ஒரு கால் பாதித்து 50 சதவீதம் என்று சான்று வைத்திருப்பவர் இதில் வரமாட்டார். அவருக்குத் தாலுகா பணமே சரி. இங்கேதான் தரகர்கள் உள்ளே நுழைகிறார்கள். “சதவீதத்தை ஏத்தித் தர்றனுங்க, செலவு கொஞ்சம் ஆகும்” என்பார்கள். நம்பாதீர்கள். மறுமதிப்பீட்டுக்குப் போனால் சதவீதம் குறையவும் கூடும். 40-க்குக் கீழே இறங்கினால் இருக்கிற 1,500-ம் போய்விடும். உடல் நிலை உண்மையிலேயே மோசமாகியிருந்தால் மட்டும் மறுமதிப்பீடு கேளுங்கள்.

கணக்கைப் பார்ப்போம். 1,500-லிருந்து மாறினால் வருடத்துக்கு 6,000 ரூபாய் கூடுதல். 1,200 வாங்கும் முதியவர், பக்கவாதத்தில் விழுந்து 75 சதவீதம் நிரந்தரச் சான்று பெற்றிருந்தால், 9,600 ரூபாய் கூடுதல். எந்நேரமும் ஆள் துணை தேவைப்படுகிறவர்களுக்கு, பார்த்துக்கொள்பவர் பெயரில் மாதம் 1,000 ரூபாய் தனியாகத் தரும் உதவியும் இந்தத் துறையிடம்தான் இருக்கிறது. அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இன்னொரு நன்மையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தாலுகா பணத்துக்குக் குடும்ப வசதியையும் பார்ப்பார்கள். மகன் பெயரில் காடு இருக்கிறது, வீட்டில் மாடி எழும்பிவிட்டது என்று யாராவது எழுதிப் போட்டால், மறு ஆய்வில் நின்றுபோகவும் கூடும். பராமரிப்பு உதவித்தொகையில் முக்கியமாகப் பார்ப்பது பாதிப்பின் வகையையும் சதவீதத்தையும்தான். நம் பக்கம் இரண்டு ஏக்கர் தோட்டம் இருந்தும் கையில் காசில்லாத குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு இதுதான் பெரிய நிம்மதி.

இழப்பும் உண்டு. ஓஏபிக்காரர்களுக்குப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வரும் வேட்டி சேலை நின்றுவிடும். வீட்டுக்கே வந்து ரேகை வைத்துப் பணம் கொடுத்துப் போகும் வங்கி முகவரும் இனி உங்களைத் தேடி வரமாட்டார்.

3. யுடிஐடி அட்டையைச் சரிசெய்யுங்கள்

யுடிஐடி என்பது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை. எந்த மனுவுக்கும் முன்னால் இது. அட்டையில் பிழை இருந்தால் விண்ணப்பம் பாதி வழியில் நிற்கும், எங்கே நிற்கிறது என்று உங்களுக்குச் சொல்ல ஆளிருக்காது.

அட்டையில் நான்கு விஷயத்தைப் பாருங்கள்.

முதலாவது, சதவீதம். பழைய அடையாள அட்டைப் புத்தகத்தில் 80 என்று பேனாவால் எழுதியிருக்கும். யுடிஐடியில் 70 என்று ஏறியிருக்கும். இப்போது அலுவலகங்கள் பார்ப்பது இணையத்தில் உள்ளதைத்தான். வித்தியாசம் இருந்தால் புத்தகத்தையும் மருத்துவச் சான்றையும் எடுத்துக்கொண்டு நல அலுவலகத்துக்குப் போய்த் திருத்தக் கேளுங்கள்.

அட்டையின் நிறத்தை வைத்து ஏமாந்துவிடாதீர்கள். 40 முதல் 79 வரை மஞ்சள், 80-க்கு மேல் நீலம். “நீலக் கார்டு இருந்தாத்தான் ரெண்டாயிரம்” என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. 75 சதவீதக்காரரின் அட்டை மஞ்சளாகத்தான் இருக்கும். அந்தப் பேச்சை நம்பி விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, சான்று நிரந்தரமா, தற்காலிகமா? தற்காலிகமென்றால் காலாவதித் தேதி இருக்கும். அந்தத் தேதி நெருங்கியிருந்தால் முதலில் மருத்துவ முகாமுக்குப் போய்ப் புதுப்பியுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ முகாம் நடக்கும். எலும்பு, கண், காது மூக்கு தொண்டை, மனநலம் என்று டாக்டர்கள் உட்காரும் நாள் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். கேட்டுவிட்டுப் போங்கள்.

மூன்றாவது, மாவட்டம். திருப்பூர் மாவட்டம் 2009-ல்தான் உருவானது. தாராபுரம், காங்கயம் அதுவரை ஈரோட்டில் இருந்தன. பல்லடம், அவிநாசி, உடுமலை கோவையில் இருந்தன. அந்தப் பக்கத்துப் பெரியவர்களின் பழைய புத்தகம் ஈரோட்டு எண்ணிலோ கோவை எண்ணிலோ இருக்கும். கோப்பு எந்த மாவட்டத்தில் கிடக்கிறது என்று திருப்பூர் நல அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கல்யாணமாகி மாவட்டம் மாறிய பெண்களுக்கும் இதே சிக்கல்தான் வரும்.

நான்காவது, கைபேசி எண். முகாமில் பதிவு செய்து கொடுத்த பையன் தன் நம்பரைப் போட்டிருப்பான். ஓடிபி அவனுக்குப் போகும், அவன் இப்போது பனியன் கம்பெனியில் இரவு ஷிப்டில் இருப்பான். உங்கள் நம்பருக்கு மாற்றிய பிறகே அடுத்த படி.

4. வங்கிக் கணக்கு

நான் பார்த்த வரையில் புதிய பணம் அனுமதியாகியும் கைக்கு வராமல் போவது பெரும்பாலும் இங்கேதான்.

ஆதார் எண் பல கணக்குகளில் கொடுக்கப்பட்டிருந்தாலும், ஆதார் வழிப் பணம் போவது ஒரே கணக்குக்குத்தான். கடைசியாக எந்த வங்கியில் அதற்கு ஒப்புதல் கொடுத்தீர்களோ அங்கே போகும். ஐந்து வருடத்துக்கு முன் நூறு நாள் வேலைக்கென்று திறந்த கணக்காக அது இருக்கலாம். மைஆதார் இணையதளத்தில் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ என்ற இடத்தில் வங்கியின் பெயர் தெரியும். விண்ணப்பத்தில் எழுதும் கணக்கும் அதுவும் ஒன்றாக இருக்கட்டும்.

கணக்கு தனிக் கணக்காக, மாற்றுத்திறனாளியின் பெயரில் இருக்க வேண்டும். மகளிர் குழுக் கடனோ வேறு தவணையோ பிடிக்கிற கணக்கைக் கொடுக்காதீர்கள். 2,000 ஏறிய நிமிடமே தவணைக்குப் போய்விடும். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரச் சொல்லுங்கள், தருவார்கள். இரண்டு வருடம் வரவு செலவு இல்லாத கணக்கு செயலிழந்திருக்கும். அதை கேஒய்சி (அடையாள, முகவரிச் சான்று) கொடுத்து உயிர்ப்பிக்க வேண்டும்.

பெயரில் இனிஷியல் தகராறு சாதாரணம். ஆதாரில் ‘ப. சின்னம்மாள்’, பாஸ்புக்கில் ‘சின்னம்மாள் பழனிசாமி’ என்றிருக்கும். ஆதாரில் உள்ளபடியே வங்கியிலும் யுடிஐடியிலும் திருத்திக்கொள்ளுங்கள். ஆதாரைத் திருத்தப் போனால் மற்ற எல்லாவற்றையும் திருத்த வேண்டிவரும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஓய்வூதியம் வருகிற பழைய கணக்கையே புதியதற்கும் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு எந்த மாதம் எது வந்தது என்று பாஸ்புக் பதிவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், குறுஞ்செய்தியை வைத்துச் சொல்ல முடியாது.

5. மற்ற காகிதங்கள்

ஆதார், குடும்ப அட்டை, யுடிஐடி அட்டையின் இரண்டு பக்கம், பாஸ்புக் முதல் பக்கம், இரண்டு புகைப்படம். எல்லாவற்றிலும் மூன்று ஜெராக்ஸ். அதோடு, பழைய ஓய்வூதிய ஆணை அல்லது முதல் படியில் வாங்கிய குறிப்பு.

6. விண்ணப்பிக்கும் முன் ஒரு முறை நல அலுவலகம்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். நேராக இ-சேவை மையத்துக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். போகலாம், தப்பில்லை. ஆனால் நல அலுவலகத்தில் மூன்று கேள்வி கேட்காமல் போனால், பின்னால் நான்கு நடை கூடுதலாக நடக்க வேண்டிவரும்.

கேள்வி ஒன்று: என் பாதிப்பு இந்தத் திட்டத்தின் எந்த வகையில் வரும்? பார்வை, செவித்திறன் குறைபாடு உள்ளவர்களும், பல குறைபாடு சேர்ந்திருப்பவர்களும் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். சதவீதம் இருக்கிறது என்பதால் மட்டும் வகைக்குள் வந்துவிட மாட்டீர்கள்.

கேள்வி இரண்டு: காத்திருப்போர் பட்டியல் இருக்கிறதா? இருந்தால் பழைய பணத்தை இப்போது தொடவே கூடாது.

கேள்வி மூன்றுதான் முக்கியம்: தாலுகா பணத்தின் ரத்து ஆணை விண்ணப்பத்தோடே வேண்டுமா, அனுமதி வரும்போது கொடுத்தால் போதுமா? இதற்கு வரும் பதிலை வைத்துத்தான் எட்டாவது படியை எப்படிச் செய்வது என்று முடிவு செய்வீர்கள். பதில் சொன்னவரின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை போகாதீர்கள். அன்று மக்கள் குறைதீர்க்கும் நாள். அலுவலர் கூட்ட அரங்கில் இருப்பார், வெளியே கூட்டம் முண்டியடிக்கும். மனு கொடுக்கத் திங்கள் நல்லது, விவரம் கேட்கச் செவ்வாயோ புதனோ நல்லது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் கட்டணம் கிடையாது, அட்டையைக் கையில் வைத்திருங்கள். தாளவாடிக்காரர்கள் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஈரோடு வந்து சேர ஒரு நாளே போய்விடும். படுக்கையில் இருப்பவரைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். வீட்டில் ஒருவர் ஆவணங்களோடு போனாலே இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும்.

7. விண்ணப்பம்

இ-சேவை மையம் வழியாகவோ நல அலுவலகத்தில் நேரிலோ போடலாம். இ-சேவையில் போட்டால் ஒப்புகைச் சீட்டு கையில் கிடைக்கிறது, அதனால் என் ஓட்டு அதற்குத்தான். மையத்தில் உட்கார்ந்திருப்பவர் அவசரத்தில் ‘மாற்றுத்திறனாளி ஓய்வூதியம்’ என்பதை அழுத்திவிடுவார். அது வருவாய்த் துறையின் சேவை. உங்களுக்கு வேண்டியது மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் ‘பராமரிப்பு உதவித்தொகை’. திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே ஓடிபி சொல்லுங்கள்.

விண்ணப்பத்தில் வேறு உதவித்தொகை வாங்குகிறீர்களா என்று கேட்டிருந்தால் உண்மையை எழுதுங்கள். மறைக்கச் சொல்லி யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆதார் எண் இரண்டு பக்கத்துப் பட்டியலிலும் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கும் அன்று இரண்டும் நிற்கும், வாங்கிய பணத்தையும் திருப்பிக் கேட்பார்கள்.

கிராம நிர்வாக அலுவலரின் சான்றும் இதில் வரும். வருவாய்த் துறையில் உதவித்தொகை பெறவில்லை என்ற சான்றைத்தான் வழக்கமாகக் கேட்பார்கள். நீங்களோ பெற்றுக்கொண்டிருக்கிறீர்கள். “வாங்கிட்டு இருக்கறவங்களுக்கு நான் எப்படிங்க வாங்கலைன்னு எழுதறது” என்று விஏஓ சொன்னால் அது நியாயம்தான். அவரிடம் வேறு மாதிரி கேளுங்கள்: “இன்ன திட்டத்தில் பெற்று வருகிறார், பராமரிப்பு உதவித்தொகை அனுமதிக்கப்பட்டால் அதை விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கிறார்” என்று எழுதி வாங்குங்கள். உள்ளதைத்தான் எழுதுகிறார் என்பதால் மறுக்கக் காரணமில்லை.

8. பழையதை நிறுத்தும் கடிதம்

மஞ்சள் காட்டில் நீர் பாய்ச்சுகிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம். அடுத்த பாத்திக்கு மடை வெட்டிய பிறகுதான் இந்தப் பாத்தியின் மடையை அடைப்பார்.

இங்கே பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆர்வத்தில் முதலில் தாலுகாவுக்குப் போய் “எனக்கு இந்தப் பணம் வேண்டாம்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். நிறுத்துவதற்கு மாதக்கணக்கெல்லாம் ஆகாது, அடுத்த பட்டியலிலேயே பெயர் போய்விடும். சேர்ப்பதற்குத்தான் நாளாகும். நிறுத்திய பணத்தைத் திரும்பக் கேட்டால் புது மனுவாகத்தான் எடுப்பார்கள், மறுபடி விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று முதலிலிருந்து.

நல அலுவலகம் அனுமதி வரும்போது ரத்து ஆணை போதும் என்று சொன்னால் வேலை சுலபம். அனுமதி ஆணை கைக்கு வந்த வாரத்திலேயே இப்படி எழுதுங்கள்:

“பெறுநர்: தனி வட்டாட்சியர், சமூகப் பாதுகாப்புத் திட்டம், (வட்டத்தின் பெயர்).

ஐயா, நான் (திட்டத்தின் பெயர்) கீழ் (ஆணை எண்) படி மாதம் ரூ.1,500 ஓய்வூதியம் பெற்று வருகிறேன். எனக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் (மாதம், வருடம்) முதல் பராமரிப்பு உதவித்தொகை அனுமதிக்கப்பட்டுள்ளது. ஆணை நகலை இணைத்துள்ளேன். ஆகவே, அந்த மாதம் முதல் என் ஓய்வூதியத்தை நிறுத்தியும், அதற்கு முந்தைய மாதம் வரை உள்ளதை வழங்கியும், ரத்து ஆணையின் நகலை எனக்கும் மேற்படி அலுவலகத்துக்கும் அனுப்பியும் உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

‘அந்த மாதம் முதல்’ என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் கடிதம் கொடுத்த தேதியிலிருந்தே நிறுத்திவிடுவார்கள், நடுவில் ஒரு மாதம் யாருக்கும் சொந்தமில்லாமல் போகும்.

விண்ணப்பத்தோடே ரத்து ஆணை வேண்டும் என்று நல அலுவலகம் சொன்னால் கொஞ்சம் கவனமாக நடக்க வேண்டும். முதலில் ஏழாவது படியில் சொன்ன விஏஓ சான்றையும் உங்கள் சம்மதக் கடிதத்தையும் கொடுத்து, இதை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். சம்மதக் கடிதத்தில் “பராமரிப்பு உதவித்தொகை அனுமதிக்கப்படும் மாதம் முதல் ஓய்வூதியத்தை விட்டுக்கொடுக்கிறேன்” என்று இருக்கட்டும். ஏற்க முடியாது என்றால், இப்போது பட்டியலில் இடம் காலியாக இருக்கிறதா என்று தெளிவாகக் கேட்டுவிட்டு மட்டும் ரத்துக்குப் போங்கள். இடமில்லை என்றால் பொறுத்திருங்கள். கையில் வரும் 1,500-ஐ விட்டுவிட்டு வராத 2,000-க்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

எந்தக் கடிதமானாலும் இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். “தபால்ல போட்டுட்டேங்க” என்பது பின்னால் எதற்கும் உதவாது. கைநாட்டு வைப்பவராக இருந்தால் கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டிய பிறகு, சாட்சி ஒருவர் கையெழுத்தோடு வைக்கட்டும்.

9. நடுவில் வரும் மாதங்கள்

எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் ஒன்றிரண்டு மாதம் குழப்பமாகத்தான் இருக்கும்.

இரண்டு பணமும் ஒரே மாதத்தில் ஏறினால் ஒன்றைத் தொடாதீர்கள். கூடுதலாக வந்ததைப் பிடித்தம் செய்வார்கள். செலவழித்துவிட்டால் அடுத்த மாதங்கள் வெறுமையாக இருக்கும். எந்த மாதத்துக்கு எது வந்தது என்று ஒரு தாளில் எழுதி, தனி வட்டாட்சியரிடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். நீங்களாகச் சொன்னது பதிவில் இருந்தால் பின்னால் பேச்சு வராது.

இரண்டும் வராவிட்டால், முதலில் வங்கியில் பாருங்கள். அனுமதி ஆணை இருந்து பணம் மட்டும் ஏறவில்லை என்றால் கோளாறு கணக்கில்தான் இருக்கும். ஆணையே இல்லாவிட்டால் நல அலுவலகம்.

மாறுவதற்கு முன்னால் இரண்டு மாதத்து மருந்துச் செலவை ஒதுக்கி வைத்துவிட்டு இறங்குவது நல்லது. ரேஷன் அரிசிக்கும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கும் இந்த மாற்றத்தோடு சம்பந்தமில்லை, அவை அப்படியே இருக்கும். பிரஷர், சர்க்கரை மாத்திரையும் வீட்டிலேயே பிசியோதெரபியும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் கிடைக்கும். இதுவரை பதியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதே பதிந்துவிடுங்கள். பணம் வரும் என்ற நம்பிக்கையில் வாரவட்டிக்கு மட்டும் வாங்காதீர்கள். அனுமதி ஆணையில் எந்த மாதத்திலிருந்து என்று இருக்கிறதோ அதிலிருந்துதான் கணக்கு. காத்திருந்த மாதங்களுக்கு மொத்தமாக வரும் என்று யாராவது சொன்னால் அதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

பணத்தை எடுப்பதற்கும் இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். தபால்காரரிடம் உள்ள கருவியில் ஆதார் ரேகை வைத்து, ஆதார் இணைத்த எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் வீட்டிலேயே பணம் எடுக்கலாம். பர்கூர் மலை, தாளவாடி மாதிரி வங்கி தூரமாக இருக்கும் ஊர்களுக்கு இது பெரிய உதவி. தொழுநோயில் விரல் தேய்ந்தவர்களுக்கு ரேகை விழாது. அவர்கள் வங்கி மேலாளரிடம் முன்கூட்டியே பேசி வேறு வழி கேட்டு வைக்க வேண்டும்.

10. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு

குழந்தை என்றால் இந்த வழிகாட்டியின் பாதி தேவையில்லை. தாலுகா ஓய்வூதியம் 18 வயதுக்கு மேல்தான். குழந்தைகளுக்கு நேராகப் பராமரிப்பு உதவித்தொகைக்கே விண்ணப்பிக்கலாம், பெற்றோரோடு சேர்ந்த கணக்கில் வரும்.

18 ஆனதும்தான் வில்லங்கம் தொடங்கும். சட்டப்படி அம்மா அப்பா தானாகக் காப்பாளர் ஆகிவிடுவதில்லை. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, 1999-ம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு காப்பாளர் சான்று தரும். மனுவை நல அலுவலகத்திலேயே கொடுக்கலாம். வங்கி கேட்கும்போது ஓடுவதைவிட, 18 முடிந்ததுமே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வயதான அப்பா அம்மா இருவருக்கும் பின்னால் யார் என்பதையும் அந்த நேரத்திலேயே வீட்டில் பேசி முடிவு செய்வது நல்லது. பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த வீடுகளில் அண்ணன் தம்பிக்குள் பாஸ்புக் யாரிடம் இருப்பது என்று சண்டை வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

11. நின்றுபோனால், மறுத்தால்

வாயால் சொன்ன மறுப்புக்கு மேல்முறையீடு கிடையாது. “எழுத்துல குடுங்க” என்று மரியாதையாகக் கேளுங்கள். பல நேரம் அந்தக் கேள்விக்கே வேலை நடந்துவிடும்.

பிறகு திங்கட்கிழமை குறைதீர் நாள் மனு. வாங்கும் சீட்டில் உள்ள எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். அதே விஷயத்தை முதல்வரின் முகவரி எண் 1100-க்கும் அழைத்துப் பதியலாம். தாலுகா பக்கத்துச் சிக்கல் என்றால் ஜமாபந்தி, அதாவது வருடத்துக்கு ஒரு முறை தாலுகாவில் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கை, நல்ல வாய்ப்பு. அங்கே கொடுத்த மனுவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற நெருக்கடி இருக்கும்.

இதற்கும் அசையாவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, “என் விண்ணப்பத்தின் மீது எந்தத் தேதியில் யார் என்ன நடவடிக்கை எடுத்தார்” என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கோபத்தில் நான்கு பக்கம் எழுதாதீர்கள்.

சதவீதமே தவறு என்று நினைத்தால் அது வேறு வழி. 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59-வது பிரிவு, சான்றின் மீது மேல்முறையீடு செய்யும் உரிமை தருகிறது. பணம் தரும் அலுவலகத்தில் சதவீதத்தைப் பற்றி வாதாடிப் பலனில்லை, அதை மாற்றும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது.

12. மாறிய பிறகு, வருடாவருடம்

பராமரிப்பு உதவித்தொகை வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். படிவத்தில் விஏஓ கையெழுத்து வாங்கி, ஆதார், யுடிஐடி, பாஸ்புக் நகலோடு நல அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். அறிவிப்பு செய்தித்தாளில் சின்னதாக வரும், பலர் பார்ப்பதில்லை. கொடுக்காவிட்டால் முன்னறிவிப்பில்லாமல் பணம் நிற்கும். போன வருடம் எந்த மாதம் கொடுத்தீர்களோ அதே மாதத் தொடக்கத்தில் நீங்களாகவே போன் செய்து கேட்டுவிடுங்கள்.

வீடு மாறினாலும், வங்கி மாறினாலும், வங்கி இன்னொரு வங்கியோடு இணைந்து ஐஎஃப்எஸ்சி எண் மாறினாலும் எழுத்தில் தெரிவியுங்கள். கைபேசி எண் மாறினால் யுடிஐடியிலும் ஆதாரிலும் இரண்டிலும் மாற்றுங்கள். ரத்து ஆணையின் நகலை மட்டும் எந்தக் காலத்திலும் தூக்கி எறியாதீர்கள். வருடங்கள் கழித்துத் தணிக்கையில் “இவர் இரண்டு இடத்தில் வாங்கியிருக்கிறாரே” என்று கேள்வி வந்தால், பதில் சொல்ல அந்த ஒரு தாள்தான் இருக்கும்.